குணசீலம் போய்விட்டு வருகிறோம்

முசிறியிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போனால் வழியில் குணசீலம் வரும். காவிரிக் கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவர்களை அங்கே அழைத்துவந்து 48 நாள் தங்கவைப்பது பல தலைமுறை வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள்.

என் சித்தி மாதம் ஒருமுறை அந்தப் பேருந்தில் ஏறுவார். கூட அம்மாச்சி. தெருவில் யாராவது கேட்டால் அம்மாச்சியிடம் ஒரே பதில்தான் இருந்தது: "குணசீலம் போயிட்டு வர்றோம்." பேருந்து குணசீலத்தில் நிற்கும். இருவரும் இறங்க மாட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திருச்சி வரை போய், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரிசையில் நிற்பார்கள். வீடு திரும்பியதும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு வைப்பார் அம்மாச்சி. ஓ.பி. சீட்டு அரிசிப் பானையின் அடியில் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் டப்பா பட்டால், "தலைவலி மாத்திரை" என்பார்.

மனநலம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களில் ஒரு வாசகத்தைத் தவறாமல் கேட்கலாம்: "நம் மக்கள் மருத்துவமனைக்குப் போகாமல் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறார்கள். காரணம் அறியாமை." என் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாச்சிக்கு எது தெரிந்திருந்தது, எதற்காக இவ்வளவு பாடுபட்டு மறைத்தார் என்று தேடப் போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் வந்தேன்.

ஒரு ஊர்ப் பெயர் வசையான கதை

சிறு வயதில் எங்களில் யாராவது ஏறுமாறாகப் பேசினால், "கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். நாங்கள் சென்னையைப் பார்த்ததே இல்லை. ஆனால் கீழ்ப்பாக்கம் எங்களுக்குத் தெரியும். சினிமா நகைச்சுவைக் காட்சிகள் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்திருந்தன. கேரளத்தில் ஊளம்பாறைக்கும் குதிரவட்டத்துக்கும், இலங்கையில் அங்கொடைக்கும், வடக்கே ராஞ்சிக்கும் ஆக்ராவுக்கும் இதே கதிதான். மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது.

அந்தப் பெயருக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1794இல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் புத்தி பேதலித்தவர்களுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல்தான் அதன் பெயரில் 'மருத்துவமனை' என்ற சொல் வந்தது. அதாவது முதல் அரை நூற்றாண்டு காலம் அது பெயரளவிலும் அடைத்துவைக்கும் இடமாகத்தான் இருந்தது. கலகக்காரர்களையும் தெருவில் அலைபவர்களையும் வீட்டுக்குத் தொல்லை தருபவர்களையும் ஊர்க்கண்ணில் படாமல் வைப்பது காலனியக் காப்பகங்களின் முக்கிய வேலையாக இருந்தது. உள்ளே போனவர் திரும்பி வருவதை ஊர் அதிகம் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை ஊர் எப்படி நம்பும்?

யாருடைய மனு?

1912இல் பிரிட்டிஷ் அரசு இந்தியப் பித்தர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1993இல் வேறொரு சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, சுதந்திரத்துக்குப் பிறகும் 46 ஆண்டுகள், அதுதான் நம்மை ஆண்டது. அதன்படி ஒருவரை அவர் விருப்பமில்லாமல் காப்பகத்தில் சேர்க்க, கணவனோ மனைவியோ நெருங்கிய உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்க வேண்டும். மருத்துவர்கள் சான்று தர வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார்.

கணவனும் மனைவியும் காகிதத்தில் சமம். ஆனால் 1950களில், 60களில் எத்தனை பெண்களால் கணவன்மீது மனுப் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க முடிந்திருக்கும்? மனைவிமீது மனுப் போடுவது கணவனுக்கு அவ்வளவு கடினமாக இருந்திருக்காது.

அடுத்து வந்தது திருமணச் சட்டம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், துணைவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குணப்படுத்த முடியாத சித்தசுவாதீனமின்மையில் இருந்தால் மணவிலக்குக் கேட்கலாம் என்றது. 1976இல் இதைத் திருத்தினார்கள். மூன்று ஆண்டு நிபந்தனை போனது. விட்டுவிட்டு வரும் மனநோயாக இருந்தாலும், சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு இருந்தால் போதும் என்று ஆனது. ஸ்கிசோஃபிரினியா என்ற மனச்சிதைவு நோய் சட்டத்தில் பெயரோடு இடம்பெற்றது. அதே திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவர்களையும் திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் பட்டியலில் சேர்த்தது. வலிப்பை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க 1999 வரை ஆனது.

நீதிமன்றங்கள் எல்லா நேரமும் கணவன் பக்கமே நின்றன என்று சொல்ல முடியாது. 1988இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவிக்கு ஸ்கிசோஃபிரினியா என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் மணவிலக்கு கிடைத்துவிடாது, நோயின் தீவிரத்தை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிக் கணவனின் கோரிக்கையை மறுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போகிற வழக்குகள் எத்தனை? பெரும்பாலான வழக்குகள் திண்ணையிலேயே, நாலு பெரிய மனிதர்கள் முன்னிலையில் முடிந்துவிடும். சித்தியின் வழக்கு அப்படித்தான் முடிந்தது.

1979

சித்திக்கு 1977இல் கல்யாணம். 1979இல் ஆண் குழந்தை. பிரசவம் முடிந்து சில வாரங்களிலேயே தூக்கம் போனது. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று இரவெல்லாம் விளக்கு ஏற்றிவைத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வரும் மனநோய் இது. சீக்கிரமே சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறக்கூடியது. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எட்டு மாதக் குழந்தையை மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டு சித்தியை மட்டும் முசிறிக்கு அனுப்பினார்கள்.

அம்மாச்சி அவரைக் குணசீலத்துக்கு அழைத்துப்போய் 48 நாள் கூடவே தங்கினார். ஓரளவு தெளிவு வந்தது. அதன் பிறகு சித்தப்பா வீட்டார் பேச வந்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வியை என் அம்மா இன்னும் மறக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா? சீட்டு ஏதும் இருக்கா?" அம்மாச்சி உடனே சொன்னாராம்: "டாக்டரும் இல்ல, சீட்டும் இல்ல. சாமி குத்தம். சரியாப் போச்சு."

1976 திருத்தம் பற்றி அம்மாச்சிக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை 'கீழ்ப்பாக்கம் சீட்டை'க் காட்டித் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்ததை அவர் பார்த்திருந்தார். கோயிலில் 48 நாள் இருந்ததற்குக் காகிதம் கிடையாது. அதை வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். மருத்துவமனை தரும் சீட்டு யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் கோயிலைத் தேர்ந்தெடுத்தார். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீட்டு இல்லாமலேயே சித்தப்பா வீட்டார் சித்தியை அழைத்துக்கொள்ளவில்லை. விலக்கும் கொடுக்கவில்லை. ஜீவனாம்சமும் இல்லை. குழந்தை அங்கேயே வளர்ந்தான். சித்தி கழுத்தில் தாலியோடு முசிறியில் இருந்தார்.

சித்தி தனி ஆள் இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். மனச்சிதைவு நோயோடு, திருமணம் முறிந்து வாழும் சென்னைப் பெண்களைச் சந்தித்து மனநல மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. நோயால் வந்த அவமானத்தைவிட, வாழாவெட்டி என்ற அவமானமே அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் அதிகமாக வாட்டியது என்று அது பதிவு செய்திருக்கிறது. நோயை ஒப்புக்கொண்டால் திருமணம் போகும், திருமணம் போனால் ஊரில் இடம் போகும் என்று இருக்கும்போது, எந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் ஓடுவாள்?

கதவு கொஞ்சம் திறந்தது

அதே காலத்தில் கீழ்ப்பாக்கத்துக்கு உள்ளே வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். 1950களில் வந்த புதிய மருந்துகள், நோயாளி வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுவதைச் சாத்தியமாக்கியிருந்தன. பூட்டிய வார்டுகளைத் தாண்டிப் புறநோயாளிப் பிரிவுக்கும் தொழிற்பயிற்சிக்கும் அவர் முக்கியத்துவம் கொடுத்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வருவதற்குப் பாடுபட்டார். ஓய்வுபெற்ற பின் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல், 98 வயதில் மறைந்தார்.

வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமோ 1957லேயே, நோயாளியுடன் குடும்பத்தவரும் தங்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், குணசீலத்தில் அம்மாச்சி செய்ததும் அதைத்தானே?

இந்த மாற்றங்கள் நடந்த காலத்தில்தான் சித்தி நோயுற்றார். ஆனால் செய்தி முசிறி வரை வரவில்லை. வசை மட்டும் வந்திருந்தது.

வீடு வரை சிகிச்சை வர இன்னும் நாளானது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவானது. அதன்கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று திருச்சி. சித்திக்கு அது வாசலுக்கு வந்த உதவி. அடுத்த ஆண்டு, நோய் மறுபடி முற்றியிருந்த ஒரு நாளில், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் அம்மாச்சியிடம் சொன்னாராம்: "படுக்க வைக்க மாட்டாங்க ஆயா. சாயங்காலம் வீட்டுக்கு வந்திடலாம். மாத்திரைக்குக் காசு கிடையாது." 18 ஆண்டுகளாக யாரும் சொல்லாத மூன்று தகவல்கள் இவை. நோய் என்ன, அது ஏன் வருகிறது என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அம்மாச்சி மறு வாரமே மகளோடு பேருந்து ஏறினார். குணசீலத்தில் இறங்காத அந்தப் பயணங்கள் அப்போதுதான் தொடங்கின.

மாத்திரையும் மாதவிலக்கும்

மாத்திரை சித்தியைத் தூங்க வைத்தது. காதில் கேட்ட குரல்களை அடக்கியது. கூடவே கை நடுங்கியது, உடல் பருத்தது, மாதவிலக்கு நின்றது. மனச்சிதைவுக்கான சில மருந்துகள் உடலில் புரோலாக்டின் சுரப்பைக் கூட்டும். அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். இதை யாரும் சித்தியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணவனோடு வாழாத பெண்ணுக்குத் தீட்டு நின்றால் தெரு என்ன பேசும்? ஓர் உறவுக்காரப் பெண் நேராகவே கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நான்கு மாதம் சித்தி மாத்திரை சாப்பிடவில்லை. மருத்துவமனைக் கோப்பில் அது 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பதிவாகியிருக்கக்கூடும். சித்தி தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பெண்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு இப்படி எத்தனையோ காரணங்கள். ஓ.பி. காலையில், சமையலும் காலையில். கூட வர ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். மனச்சோர்வு வந்த பெண் நெஞ்சு படபடப்பு, முதுகுவலி, வெள்ளைப்படுதல் என்று பொது மருத்துவரிடம்தான் போகிறாள். ஏனென்றால் உடம்பு வலிக்கு விடுப்பு கிடைக்கும், மன வலிக்குக் கிடைக்காது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வில், வெள்ளைப்படுதல் என்ற புகாருக்கு நோய்த்தொற்றைவிட மன உளைச்சலோடுதான் வலுவான தொடர்பு தெரிந்தது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. பார்கவி தாவர் 1999இல் எழுதிய, இந்தியப் பெண்களின் மனநலம் பற்றிய நூலிலும் இதுதான் முக்கிய வாதம். பெண்களிடம் அதிகம் காணப்படும் கோளாறுகள் ஒரு வகை, நம் மனநல அமைப்பு கவனம் செலுத்தும் தீவிர நோய்கள் வேறு வகை.

சங்கிலியும் தீயும்

கோயிலையும் தர்காவையும் நான் புனிதப்படுத்தவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மாச்சி, "கொண்டுபோய் விட்டவங்க திரும்பிப் போய்ப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே தங்கிய தீவிர மனநோயாளிகள் 31 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. குடும்பத்தவர் ஒருவர் கூட இருந்தார், சிறு சிறு வேலைகள் செய்தார்கள், யாரும் விரட்டவில்லை. சங்கிலி இருந்த இடத்தில் மரணம், துணை இருந்த இடத்தில் கொஞ்சம் தெளிவு. இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் நடந்தன.

புதிய சட்டம், பழைய வீடு

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த அதில் பெண்களைப் பற்றிய சில வரிகளைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மாதவிலக்குக்குத் தேவையானவை தரப்பட வேண்டும். கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சங்கிலியால் கட்டக் கூடாது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. 'கூடாது' என்று எழுதவேண்டி வந்தது என்றால் இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தன என்றுதானே பொருள். எட்டு மாதத்தில் பிரிக்கப்பட்ட சித்தியின் மகனுக்கு அப்போது 39 வயது.

இன்னொரு முக்கியமான உரிமையும் அதில் இருக்கிறது. தனக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதியை நோயாளியே எழுதிக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். அவர் கணவராக, உறவினராக இருக்கவேண்டியதில்லை. 1912இலிருந்து நடந்துவந்து நாம் சேர்ந்த இடம் இது. இன்று 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். ஆனால் 1976இல் எழுதப்பட்ட மணவிலக்குப் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அது இருக்கும்வரை ஓ.பி. சீட்டை ஒளித்துவைக்க அரிசிப் பானைகளும் இருக்கும்.

நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 1998இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தைய நாள் இரவு வீட்டில் மெதுவாகப் பேசி முடிவெடுத்தார்கள். விடிகாலை முதல் பேருந்தில் சித்தியை ஏற்றிவிட்டோம். அன்று மட்டும் அவர் உண்மையாகவே குணசீலத்தில் இறங்கி, இருட்டும்வரை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள், "உங்க குடும்பத்துல யாருக்கும் இந்த மாதிரி ஏதும்..." என்று இழுத்தபோது அம்மா இல்லை என்றார். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். நானும் எதுவும் சொல்லவில்லை. கல்லூரியில் பெண்ணுரிமை பேசிப் பரிசு வாங்கிய பெண் நான்.

2019இல் சித்தியிடம் நியமனப் பிரதிநிதி பற்றி விளக்கி, என் பெயரைப் போடச் சொன்னேன். ஏதோ கடன் தீர்க்கிற ஆசை. அவர் யோசித்துவிட்டு வேறொரு பெயரைச் சொன்னார். ஓ.பி. வரிசையில் 20 ஆண்டுகளாகப் பழகிய தோழி. துறையூர்ப் பக்கம், பூ வியாபாரம் செய்பவர்.

"ஏன் சித்தி, நான் இல்லையா?" என்றேன்.

"உனக்கு வீடு வாசல்னு நாலு வேலை இருக்கும்டி. அவதான் என்கூட வரிசையில நின்னவ."

வெள்ளைத்தாளில் அந்தத் தோழியின் பெயரை நான்தான் எழுதினேன். சித்தி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தாளை அரிசிப் பானையில் வைக்கவா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். வேண்டாம் என்றார். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி அதைக் குத்திவைத்தார்.